உப்பிப்போன ட்ரோன் பேட்டரியும் ஒரு கணக்குப்பிள்ளைப் பெட்டியும்

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் 10 லிட்டர் ட்ரோன் வைத்து வயலுக்கும் வாழைக்கும் மருந்தடித்துக் கொடுக்கிறார். 6எஸ் (ஆறு செல் தொடரில் சேர்ந்தது), 16000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி எட்டு வைத்திருக்கிறார். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்தால் நாலு ஜோடி. வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் இரண்டு உப்பிவிட்டன. அந்த இரண்டும் மற்றவற்றைவிடக் குறைந்த தடவைதான் பறந்தன என்கிறார். ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டை வைத்து, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டி, அடுத்து எந்த ஜோடியை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிற ஒரு சர்க்யூட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா, எந்த போர்டு வாங்கலாம் என்பது அவர் கேள்வி. முடியும். ஆனால் எந்த போர்டு என்பதைவிட, குறைவாகப் பறந்தது ஏன் முதலில் உப்பியது என்பதுதான் இதில் பெரிய கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் சர்க்யூட் கட்டினால், தேவையில்லாததை அளந்துகொண்டிருப்போம். நானே ஒரு வருஷம் அப்படித்தான் அளந்தேன்.

நான் வீரவநல்லூரில் டிவி, யூபிஎஸ், இன்வெர்ட்டர் பார்க்கிறவன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. நாலு வருஷமாக மருந்தடிக்கும் ட்ரோன்களின் பேட்டரியும் சார்ஜரும் கடைக்கு வருகின்றன. என் கை பட்டதெல்லாம் 16000, 22000 எம்ஏஎச் உள்ள 6எஸ் பேட்டரிகள்தான். உள்ளேயே போர்டும் பட்டனும் வைத்து வரும் ஸ்மார்ட் பேட்டரிகளை நான் திறந்ததில்லை, உங்களையும் திறக்கச் சொல்ல மாட்டேன். அவை தம் கணக்கைத் தாமே வைத்துக்கொள்ளும். செல்லுக்குள் நடக்கும் ரசாயனம் எனக்குப் படித்துத் தெரிந்தது, ஒயரும் மீட்டரும் பழகித் தெரிந்தது. கீழே சொல்வதை அந்த வித்தியாசத்தோடு வாசியுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் சொல்கிறேன். லிப்போ செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.20 வோல்ட். சும்மா வைத்திருக்க ஏற்ற இடம் 3.80 முதல் 3.85. சுமையில் இருக்கும்போதுகூட 3.0-க்குக் கீழே போகக் கூடாது. போனால் திரும்பி வந்தாலும் பழைய செல்லாக வராது. இதெல்லாம் பேட்டரி உறையிலேயே அச்சடித்திருக்கும். உறையில் இல்லாதது ஒன்று இருக்கிறது: 4.20-ல் நிற்கிற செல் ஓய்வில் இருப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் அது ஓய்வில் இல்லை. அந்த உயர்ந்த வோல்டேஜில் எலக்ட்ரோலைட் தகடுகளோடு மெல்ல வினைபுரிந்து வாயுவை விடுகிறது. சூடு சேர்ந்தால் அந்த வினை வேகம் பிடிக்கும். லிப்போ செல்லுக்கு இரும்பு ஓடு கிடையாது, அலுமினியத் தாள் பைதான். உள்ளே வாயு சேர்ந்தால் பை உப்பத்தானே செய்யும். ஆக, உங்கள் இரண்டு பேட்டரியும் பறந்து கெடவில்லை. முழு சார்ஜோடு சூட்டில் உட்கார்ந்து கெட்டன என்று 10-க்கு 8 பங்கு அடித்துச் சொல்வேன். மீதி 2 பங்கு கம்பெனியிலிருந்தே சரியில்லாமல் வந்த செல்லாக இருக்கலாம். அதை இங்கிருந்து சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பயிர்க்காலத்தை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிசானப் பருவ நெல்லை அறுத்து முடிகிறபோது மாசி, பங்குனி ஆகிவிடும். அதற்கப்புறம் பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்து, கன்னடியன், கோடைமேலழகியான் கால்வாய்களில் கார் சாகுபடிக்குத் திறந்துவிட்டால்தான் நெல் வயலில் ட்ரோனுக்கு மறுபடி வேலை. அது ஆனியில் வரலாம், தள்ளியும் போகலாம். சில வருஷம் கார் கிடையவே கிடையாது. ட்ரோன் வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று எட்டையும் முழுதாக ஏற்றித் தயாராக வைக்கிறார். நாலு ஜோடியில் மூன்று அடிக்கடி போய் வரும். நாலாவது ஜோடி "எதற்கும் இருக்கட்டும்" என்று பெட்டியின் அடியில் முழு சார்ஜோடு கிடக்கும். அக்னி நட்சத்திர நாள் ஒன்றில் என் தகரக் கொட்டகைக்குள் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டிருந்தேன், மத்தியானம் 45 டிகிரியைத் தாண்டிக் காட்டியது. அந்தக் கொட்டகையில் இரண்டு மாதம் 4.20 வோல்ட்டில் கிடந்தால் எந்த பேட்டரி தாங்கும்?

அதனால் உங்கள் கருவி முதலில் கணக்கெடுக்க வேண்டியது மூன்றாவது தசமம் வரைக்கும் வோல்டேஜை அல்ல. ஒவ்வொரு பேட்டரியும் செல்லுக்கு 4.0 வோல்ட்டுக்கு மேல் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதுதான் அதன் முதல் வேலை. ராப்பகலாக ஒட்டிக்கொண்டு நிற்கும் காவல்காரன் இதற்குத் தேவையில்லை. வரும்போதும் போகும்போதும் எழுதி வைக்கிற கணக்குப்பிள்ளை போதும். சார்ஜரிலிருந்து எடுத்ததும் ஒரு தடவை, வயலிலிருந்து வந்து ஆறியதும் ஒரு தடவை பெட்டியில் செருகிக் காட்ட வேண்டும். சும்மா கிடக்கும் லிப்போ தானாக இறங்குவது மாதத்துக்குச் சில சதவீதம்தான். ஆகவே கடைசியாகப் பார்த்த வோல்டேஜிலேயே இன்னும் இருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

எட்டு பேட்டரியையும் நிரந்தரமாக மாட்டி வைத்து, எட்டுக்கும் திரையில் கட்டம் போட்டுக் காட்டுகிற மாதிரி செய்யலாமே என்று தோன்றும். நான் அதைத்தான் முதலில் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது, பட்டணத்துக் கடைக்காரர்கூடப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மூன்று மாதம் மாட்டியே விட்டிருந்தேன். அடுத்த பருவத்துக்கு ஏற்றினால் ஒவ்வொன்றும் பேலன்ஸ் ஆக, அதாவது ஆறு செல்லும் ஒரே வோல்டேஜுக்கு வர, மணிக்கணக்கில் சார்ஜரில் நின்றது. காரணம் எளிது. செல்லுக்குச் செல் வெளியே வரும் மெல்லிய பேலன்ஸ் ஒயர்கள் ஒவ்வொன்றிலும் வோல்டேஜைக் குறைக்க இரண்டு ரெசிஸ்டர் போட்டிருந்தேன், 100 கேயும் 12 கேயும் (கே என்றால் ஆயிரம் ஓம்). ஒவ்வொரு ஒயர் வழியாகவும் ஓடும் சின்ன மின்னோட்டம் அதற்குக் கீழே இருக்கிற எல்லா செல்களையும் கடந்து வருகிறது. மேல் செல் ஒரு ஒயருக்கு மட்டும் கொடுத்தால் போதும், அடி செல் ஆறுக்கும் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் மேல் செல்லில் சுமார் 0.22 மில்லி ஆம்பியர், அடி செல்லில் 0.79. ஒரு மாதத்துக்கு வித்தியாசம் 400 எம்ஏஎச்சை ஒட்டி, மூன்று மாதத்துக்கு 1200. காவலுக்கு வைத்த ஆளே களஞ்சியத்தில் கை வைத்த கதை. செருகி, பார்த்து, கழற்றிவிடுகிற பெட்டியில் இந்த வம்பு கிடையாது.

சரி, பெட்டிக்கு வருவோம். ஈஎஸ்பி32 நல்ல தேர்வுதான், ஆனால் வோல்டேஜ் அளக்க அதன் உள்ளேயே இருக்கும் ஏடிசியை (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதியை) நம்பாதீர்கள். அடியிலும் உச்சியிலும் அது நேர்கோட்டில் போகாது, அதில் ஒரு பகுதி வைஃபை ஓடும்போது வேலையே செய்யாது. ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் ஏடிசி போர்டு இரண்டு வாங்குங்கள். ஒன்றுக்கு நாலு சேனல், இரண்டுக்கு எட்டு. ஆறு செல்லுக்கு ஆறு போக இரண்டு மிச்சம். முகவரியை மாற்றி இரண்டையும் ஒரே இரண்டு ஒயரில் தொங்கவிடலாம். 3.3 வோல்ட் சப்ளை கொடுத்தால் உள்ளே வரும் வோல்டேஜ் அதைத் தாண்டக் கூடாது. முன்னே சொன்ன 100 கே, 12 கே ஜோடி 25.2 வோல்ட்டை 2.7 ஆக இறக்கிவிடும், அதனால் பயமில்லை. 100 கே ரெசிஸ்டரைப் பேலன்ஸ் சாக்கெட்டை ஒட்டியே வையுங்கள். அதற்கு அந்தப் பக்கம் எந்த ஒயர் எதில் உரசினாலும் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. கறுப்பு (நெகட்டிவ்) ஒயரில் மட்டும் ரெசிஸ்டர் இருக்காது, அங்கே ஒரு சின்ன ஃப்யூஸ். ஒவ்வொரு சேனலிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்று போட்டால் ஆட்டம் குறையும்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். கடையில் கிடைக்கும் ரெசிஸ்டர் 1 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 1 சதவீதம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆறாவது ஒயரில் 25 வோல்ட் இருக்கிறது, அதில் 1 சதவீதம் கால் வோல்ட். ஆறாவது செல்லின் வோல்டேஜ் எப்படி வருகிறது? ஆறாவது ஒயரிலிருந்து ஐந்தாவதைக் கழித்து. இரண்டிலும் பிழை எதிர் எதிராக விழுந்தால், நல்ல செல் 4.5 என்று காட்டும், இல்லையென்றால் 3.9 என்று காட்டும். என் முதல் பெட்டி ஒரு நல்ல பேட்டரியின் ஆறாவது செல்லை 4.31 என்று காட்டியது. அதை நம்பி அதைத் தூக்கிப் போட இருந்தேன், நல்லவேளை மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தேன்.

ஆகவே ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம்மிடம் இருக்கும் சாதாரண மல்டிமீட்டரில் 25 வோல்ட்டை அளக்க 200 வோல்ட் இடத்துக்குத் திருப்ப வேண்டும். அங்கே அது 25.2 என்று ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்ளும், நமக்கு அது பற்றாது. அதற்குப் பதிலாக 20 வோல்ட் இடத்தில் வைத்து, பக்கத்துப் பக்கத்து ஊசிகளுக்கு நடுவே ஆறு செல்லையும் ஒவ்வொன்றாக அளந்து இரண்டு தசமத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ஆறையும் கூட்டினால் ஆறாவது ஒயரின் சரியான வோல்டேஜ், ஐந்தைக் கூட்டினால் ஐந்தாவது. அந்த எண்ணை போர்டு காட்டும் எண்ணால் வகுத்தால் அந்தச் சேனலுக்கான பெருக்கல் எண் கிடைக்கும். மீட்டரே கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினாலும் எல்லா செல்லுக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். நமக்கு முக்கியம் செல்களுக்குள் இருக்கும் வித்தியாசம், அது கெடாது. அளக்கும்போது மீட்டர் முனை இரண்டு ஊசியைச் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும். பேலன்ஸ் நீட்டிப்பு ஒயர் ஒன்றை வாங்கி அதன் மறுமுனையை அகலமாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

உயிர்போகிற எச்சரிக்கை ஒன்று. ஜோடியாக 12எஸ் இணைப்பில் இருக்கும்போது இரண்டு பேட்டரியின் பேலன்ஸ் ஒயரையும் ஒரே போர்டில் செருகிவிடாதீர்கள். மேல் பேட்டரியின் கறுப்பு ஒயர் கீழ் பேட்டரியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கறுப்பையும் ஒரே தரையில் சேர்த்தால் கீழ் பேட்டரி முழுதாக ஷார்ட். பெட்டிக்குக் கொண்டுவரும்போது ஜோடியைப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

எந்த பேட்டரி என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஆர்சி522 என்ற கார்டு படிக்கும் போர்டு மலிவு. அதற்கென்று சாவிக்கொத்தில் மாட்டுகிற நீல வில்லைகள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஸ்டிக்கராக வருவதை வாங்கி நான் பேட்டரி மேலேயே ஒட்டினேன், படிக்கவே இல்லை. பை அலுமினியம் அல்லவா, அலையைத் தின்றுவிடுகிறது. வில்லையைப் பெரிய ஒயரின் கழுத்தில் கட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது. நேரம் காட்ட டிஎஸ்3231 கடிகார போர்டு. வயல்வெளியில் வைஃபை இராது, ஈஎஸ்பி32 அணைந்து எழுந்தால் தேதி மறந்துவிடும். எழுதிவைக்க ஒரு மெமரி கார்டு. காட்ட ஒரு சின்ன ஓஎல்இடி திரை. சூட்டுக்கு டிஎஸ்18பி20. அதன் பிழை அரை டிகிரிக்குள் என்பதால் நமக்குத் தாராளம், ஆனால் அது காட்டுவது தோலின் சூடு. வயலிலிருந்து வந்தவுடன் உள்ளே அதைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஆகவே பத்து நிமிஷம் கழித்து அளப்பதே சரி. எல்லாம் சேர்த்தாலும் ஒரு பேட்டரி விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

நிரல் எழுதும்போது ரொம்பச் சாமர்த்தியம் காட்ட வேண்டாம். என் பெட்டி மூன்று விளக்கு வைத்திருக்கிறது. வில்லையைக் காட்டி, ஒயரைச் செருகியதும், கடைசியாகப் பார்த்த தேதியையும் இன்றைய தேதியையும் கழித்து, நடுவில் எந்த வோல்டேஜில் கிடந்ததோ அதன்படி மணிக்கணக்கைக் கூட்டும். 4.0-க்கு மேல் 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் சிவப்பு: இதை இன்றைக்கே பறக்கவிடு, இல்லையென்றால் இறக்கு. செல்களுக்குள் வித்தியாசம் 0.05 வோல்ட்டைத் தாண்டினால் மஞ்சள். இரண்டும் இல்லையென்றால் பச்சை. அந்த 48-ம் 0.05-ம் என் கைக்கணக்கு, சாஸ்திரம் இல்லை. நீங்கள் 72 என்று வைத்தாலும் சண்டைக்கு வர மாட்டேன். அடுத்து எது என்ற கேள்விக்கு விதி ஒன்றே ஒன்றுதான். முழு சார்ஜில் அதிக நேரம் காத்திருப்பது முதலில் போகும். குறைவாகப் பறந்ததை முதலில் எடு என்று சிலர் எழுதுகிறார்கள். அது கார் டயரை மாற்றிப் போடுகிற கணக்கு. இங்கே வயதைக் கூட்டுவது பறப்பதைவிடக் காத்திருப்பது.

வயலில் நடக்கும் சுழற்சி வேறு விவகாரம், அங்கே பெட்டி உதவாது, எண்ணிக்கைதான் உதவும். ஒரு ஜோடி 8 நிமிஷம் பறக்கிறது, மருந்து நிரப்பி பேட்டரி மாற்ற 4 நிமிஷம் என்று வைத்தால், நாலு ஜோடியில் முதல் ஜோடியின் முறை 48 நிமிஷத்தில் திரும்ப வரும். இறங்கியதிலிருந்து அதற்குக் கிடைப்பது 40 நிமிஷம். ஆற 20 நிமிஷம் போனால் சார்ஜுக்கு 20. ஜெனரேட்டரில் 2சி வேகத்தில், அதாவது 16000 எம்ஏஎச்சுக்கு 32 ஆம்பியரில், ஏற்றினாலும் 20 சதவீதத்திலிருந்து நிரம்ப அரை மணிக்கு மேல் ஆகும். நேரம் பற்றாது. அதனால்தான் எல்லாரும் சுடச்சுட சார்ஜரில் போடுகிறார்கள். 45 டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்றுதான் பொதுவாக உறையில் போட்டிருக்கும். ஆனால் வரப்பில் நிற்கிற வயல்காரர், "அண்ணாச்சி, வெயில் ஏறிட்டு வருது, சீக்கிரம்" என்று சொல்லும்போது யார் உறையைப் படிக்கிறார்கள். உங்களிடம் இப்போது ஆறுதான் உருப்படியாக இருக்கின்றன, மூன்று ஜோடி. முறை 36 நிமிஷத்தில் வந்துவிடும், கிடைப்பது 28. மீதி ஆறும் இன்னும் வேகமாகத் தேயப் போகின்றன என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒத்துக்கொள்ளும் ஏக்கரைக் குறையுங்கள், இல்லையென்றால் ஆறு ஜோடியாக்குங்கள். ஆறு ஜோடி என்றால் 64 நிமிஷம் கிடைக்கும், யாரையும் அவசரப்படுத்த வேண்டாம்.

புதிதாக வாங்கினால் புதியதைப் புதியதோடு மட்டுமே ஜோடி சேருங்கள். இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம், இதை மீறினால்தான் ட்ரோன் வாழைத்தோப்புக்குள் விழும். ட்ரோன் பார்ப்பது மொத்த வோல்டேஜை. பழையது 21.0-க்கு இறங்கி, புதியது 22.8-ல் நிற்கும்போது அது 43.8 என்று பார்த்து, செல்லுக்கு 3.65 இருக்கிறதே என்று தைரியமாகப் பறக்கும். பழையதின் செல்கள் 3.5-ல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. ஜோடியின் எண்ணை இரண்டு பேட்டரியிலும் பெயின்டில் எழுதுங்கள், 1அ, 1ஆ என்று. ஒன்று ஓய்வுபெற்றால் மற்றதும் ட்ரோனிலிருந்து இறங்கட்டும். அதைத் தனியாக வேறு எதற்காவது பயன்படுத்தலாம்.

அடுத்து, நான் உறுதியாகச் சொல்லத் தயங்கும் இடம். உள் தடையை, அதாவது செல்லே தனக்குள் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவை, அளந்தால் பேட்டரியின் ஆயுள் தெரியும் என்பார்கள். கொள்கை சரிதான், வயதானால் உள் தடை ஏறும். வீட்டுப் பெட்டியில் அதை அளப்பதுதான் சிக்கல். இந்த அளவு செல்லுக்கு உள் தடை ஓரிரு மில்லி ஓம். 6 ஆம்பியர் சுமை கொடுத்தால் வோல்டேஜ் இறங்குவது 12 மில்லி வோல்ட் மாதிரி. என் பெட்டியின் ஆட்டமே மூன்று நாலு மில்லி வோல்ட் இருக்கிறது. அப்படியென்றால் வரும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு வெறும் ஆட்டம். அதோடு மார்கழிக் காலையில் அளந்ததும் சித்திரை மத்தியானம் அளந்ததும் ஒன்றாக இராது, குளிரில் தடை கூடும். ஆகவே ஒரே பேட்டரியின் ஆறு செல்லை, ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். ஒரு செல் மட்டும் இரட்டிப்பாகக் காட்டினால் நம்புவேன். போன மாதம் 1.8, இந்த மாதம் 2.1 என்றால் ஒன்றும் நினைக்க மாட்டேன். அதைவிட நம்பகமானது சார்ஜர் காட்டும் எண்: ஒரே அளவு இறக்கிய பேட்டரிக்குள் திரும்ப எத்தனை எம்ஏஎச் போயிற்று என்பது. அதைக் கையாலேயே பெட்டியில் பதிய ஒரு பட்டன் வையுங்கள்.

48 மணி நேரம் தாண்டியதை இறக்கச் சொன்னேன் அல்லவா, அதை எப்படி இறக்குவது? என் கடைக்கு வரும் சார்ஜர்களில் ஸ்டோரேஜ் என்று ஒரு முறை இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவை 20, 30 வாட்டுக்கு மேல் இறக்காது. முழு 16000 எம்ஏஎச்சைப் பாதியாக்க ஏழெட்டு மணி நேரம். ராத்திரிக்கு ஒன்று என்றால் எட்டு பேட்டரிக்கு எட்டு ராத்திரி. அதனால்தான் ஒருவரும் செய்வதில்லை, சோம்பேறித்தனம் என்று திட்டி என்ன பயன். லாரி எலக்ட்ரிக்கல் கடையில் 24 வோல்ட், 70 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு வாங்கிப் பக்க இணைப்பில் (பேரலலில்) இணையுங்கள். ஒன்றுக்கு 3 ஆம்பியர், இரண்டுக்கு 6. ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதிக்கு வந்துவிடும். நடுவில் லாரிக்குப் போடும் 24 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று வைத்து, எந்த ஒரு செல்லாவது 3.85-க்கு வந்ததும் பெட்டியே வெட்டிவிடும்படி செய்யுங்கள். சின்ன நீல ரிலே வேண்டாம். பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு இழுக்கும், முனை ஒட்டிக்கொண்டால் பேட்டரி அடி வரைக்கும் காலியாகிவிடும். பல்பு நெருப்பாகச் சுடும், தகரத்தின் மேல் வையுங்கள், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். என் பெட்டியில் மிகவும் பயன்பட்ட பகுதி இதுதான் என்று நினைக்கிறேன், திரையும் விளக்கும்கூட இதற்கு அப்புறம்தான்.

பறக்கும்போது ஓடும் மின்னோட்டத்தையும் அளக்க ஆசை வரும். ஐஎன்ஏ226 போர்டை ட்ரோனுக்குள் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அந்தச் சிப் 36 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், ஜோடி முழுதாக இருக்கும்போது 50.4. மேசையிலேயே ஒன்றைப் புகைய விட்டவன் நான். தவிர, 2021 ட்ரோன் விதிகளின்படி இந்த மாதிரி ட்ரோன்களுக்கு வகைச் சான்று உண்டு. நாம் உள்ளே ஒயர் சேர்த்தால் அது சான்று பெற்ற ட்ரோனாக இருக்காது. 10 லிட்டர் மருந்தோடு ஆள் நிற்கும் வயலுக்கு மேல் பறப்பதில் வீட்டு சால்டரிங்கை நான் நம்ப மாட்டேன், என்னுடையதையும் சேர்த்துத்தான். ட்ரோனின் கட்டுப்பாட்டு போர்டே பதிவு வைத்திருக்கும், அதை எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லையென்றால் ஒரு நோட்டும் போதும். முக்கூடல் பக்கம் சுயஉதவிக் குழுவில் ட்ரோன் ஓட்டும் அக்கா ஒருவர், பேட்டரிக்கு ஒரு பக்கம் என்று பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். ஏற்றியதற்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், இறக்கியதற்குப் பச்சை. வேலை உறுதியான பிறகு, முந்தின நாள் ராத்திரிதான் ஏற்றுவார். அவர் பேட்டரி இன்னும் ஒன்றுகூட உப்பவில்லை. என் பெட்டியைக் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறதி உள்ளவர்களுக்கும், இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிற இடத்துக்கும்தான் பெட்டி.

கோடையில் வைக்கிற இடத்துக்கும் ஒரு வார்த்தை. தகரக் கொட்டகை, ஓட்டு வீட்டு மச்சு, வண்டியின் பின்பக்கம், இந்த மூன்றும் ஆகாது. படுக்கிற அறையும் ஆகாது. ஓடு வேய்ந்த பழைய தொழுவத்தின் தரை, அதிலும் வடக்குச் சுவர் ஓரம், நல்ல இடம். நான் பெரிய மண்பானைகளில் காய்ந்த மணல் போட்டு, ஒரு பானைக்கு இரண்டு பேட்டரியை நிறுத்தி, தட்டால் தளர்வாக மூடி வைக்கிறேன். இறுக மூடும் இரும்புப் பெட்டி வேண்டாம், வாயு போக வழி இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. குளிர் நல்லதுதான், ஆனால் வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் வியர்த்துப் போகும், கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கும். நான் செய்வதில்லை.

கடைசியாக, உப்பிய இரண்டும். சூட்டில் லேசாகப் புடைத்து ஆறியதும் அமுங்கிவிடுவதை வைத்துச் சிலர் ஓட்டுகிறார்கள், அதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆறிய பிறகும் கல் மாதிரி உப்பி நிற்பதை மறுபடி ஏற்றவே கூடாது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுகிற வீடியோ ஏதாவது கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். குத்தும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் போடுவதும் நிச்சயமான வழி இல்லை. முனைகள் அரித்துப் போய் உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கலாம், வெளியிலிருந்து தெரியாது. அதே லாரி பல்பில், வெட்டவெளியில், பல்பு முழுதாக அணைகிற வரைக்கும் இறக்குங்கள். அப்புறம் முனைகளில் டேப் ஒட்டி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர் மேல்தான் வைத்திருக்கின்றன. பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அங்கே சுத்தியல்தான் முதலில் பேசும். போர்டு ஆர்டர் செய்வது, ரெசிஸ்டர் வாங்குவதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். இந்த இரண்டையும் இன்று சாயங்காலமே வீட்டுக்குள்ளிருந்து எடுத்து, வைக்கோல் படப்புக்கு எட்டாத தூரத்தில், மணல் போட்ட பானையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.